நாய்க்குத் தண்டுவட நீர்ப் பரிசோதனை: கருவி காட்டும் 0.0-ஐ நம்புவதற்கு முன்

எங்கள் பீகிள் டப்புவுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது. தட்டில் வைத்த சாப்பாட்டைக் குனிந்து எடுக்க முடியாமல் நின்றான். உடம்பு கொதித்தது. தூக்கினால் வீல் என்று கத்தினான். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எடுத்தோம். அணுக்களை எண்ணும் கருவியிலிருந்து வந்த தாளில் வெள்ளை அணுக்கள் 0.0 என்று இருந்தது. நார்மல் என்றார்கள், நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். பதினாறே நாளில் அதே வலி, முன்னைவிட மோசமாக. மறுபடி மயக்க மருந்து, மறுபடி கழுத்தில் ஊசி. இந்த முறை ஒரு மைக்ரோலிட்டருக்கு 380 அணுக்கள்.

முதல் தடவை மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. இரண்டு நாள் முன்பு போட்ட ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி நான் சொல்லவில்லை. எடுத்த நீர் லேபுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. அங்கே அதை ரத்தம் எண்ணும் முறையிலேயே கருவியில் ஓட்டிவிட்டார்கள். மூன்றையுமே முன்கூட்டி ஒரு போன் செய்து தவிர்த்திருக்கலாம். அது தெரியாததால் என் பிள்ளை இரண்டு வாரம் வலியில் கிடந்தான்.

நான் மருத்துவர் இல்லை. ஊசி போடலாமா, எங்கே போடுவது என்பதெல்லாம் மருத்துவர் முடிவு. ஆனால் அந்தச் சில சொட்டு நீர் சரியான நேரத்தில் சரியான கருவிக்குப் போய்ச் சேர்வதில் வளர்ப்பவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சென்னையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். வேறு ஊரில் இருந்தால் தூரத்தையும் கட்டணத்தையும் உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் இந்த நீரை மருத்துவமனையில் சி.எஸ்.எஃப். என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள்

முதலில் கேட்கப்போவது இதைத்தான். வலிப்பு, தள்ளாட்டம், குணமாற்றம் என்று நரம்பு சம்பந்தமான அறிகுறியோடு ஒரு நாய் வந்தால், நம் நாட்டில் மருத்துவர் முதலில் நினைக்க வேண்டியது ரேபிஸ். தடுப்பூசி போட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் ஊசி போட்டு நீர் எடுக்கவும் மாதிரியைக் கையாளவும் ஊழியர்கள் மறுக்கலாம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, அவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது. ரேபிஸை உறுதி செய்வது இந்தப் பரிசோதனையின் வேலையும் இல்லை. அது இறந்த பிறகு மூளைத் திசுவில் பார்த்து உறுதி செய்யப்படுவது.

நாய் சமீபத்தில் யாரையாவது கடித்திருந்தாலோ, தெருவில் வேறு விலங்கிடம் கடி வாங்கியிருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். கடிபட்டவர் இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். நாயின் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியின் தேதியும் அட்டையில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.எஃப்-ல் டிஸ்டம்பருக்கு பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) பார்க்கச் சொன்னால், சமீபத்தில் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது முடிவைப் படிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அட்டையோடு ஒரு ஃபைலில் இவற்றையும் போடுங்கள்: உங்கள் வழக்கமான மருத்துவரின் பரிந்துரைக் கடிதம், முந்தைய ரத்த ரிப்போர்ட்டுகள், எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் படமும் அறிக்கையும். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரி மருத்துவமனைகளுக்கோ போகிறீர்கள் என்றால் பரிந்துரைக் கடிதம் கையில் இருப்பது நல்லது. கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. நாய் நடக்கும் விதத்தையும் வலிப்பு வரும் விதத்தையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போனதும் பயத்தில் எல்லா நாயும் நன்றாக நடந்து காட்டும்.

2. கொடுத்த மருந்து எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. டப்புவுக்குக் காய்ச்சல் என்று பக்கத்துத் தெரு கிளினிக்கில் இரண்டு ஊசி போட்டார்கள். ஒன்று ஆன்டிபயாடிக், இன்னொன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மறுநாள் துள்ளிக் குதித்தான். அது குணமானது அல்ல, ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கியது. அழற்சி அமுங்கினால் நீரில் இருக்கும் வெள்ளை அணுக்களும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் எடுத்த நீரை எந்தக் கருவியில் போட்டாலும் நோய் பாதி ஒளிந்துகொண்டுதான் தெரியும்.

எனவே கடைசி ஒரு மாதத்தில் போட்ட ஊசி, கொடுத்த மாத்திரை, காதில் விட்ட சொட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஊசியின் பெயர் தெரியவில்லையா? போட்ட கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள், ‘காய்ச்சலுக்கு ஊசி’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்டீராய்டு போயிருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதா, அப்படியே எடுப்பதா என்று மருத்துவர் சொல்வார். நாயின் நிலை மோசமாக இருந்தால் தள்ளிப்போட முடியாது. ஆனால் முடிவைப் படிக்கும்போது அந்த ஊசி அவர் மனதில் இருக்க வேண்டும்.

வலிப்பு மாத்திரை சாப்பிடும் நாய்க்குப் பரிசோதனைக்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். அன்று காலை வேளை மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

3. ரத்தப் பரிசோதனை முதலில், முக்கியமாகத் தட்டணுக்கள்

நம் ஊரில் உண்ணி இல்லாத நாய் குறைவு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா தொற்றில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சரிந்துவிடும். தட்டணு குறைந்த நாய்க்குத் தண்டுவடத்தில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. மயக்க மருந்துக்காகச் சிறுநீரகம், கல்லீரல் அளவுகள் எப்படியும் பார்ப்பார்கள். கூடவே தட்டணு எண்ணிக்கையும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பழைய ரிப்போர்ட் போதாது, கடைசி இரண்டு மூன்று நாட்களுக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

மண்டைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும்போது நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. முதலில், அதைப் பார்த்துவிட்டு அதே மயக்கத்தில் ஊசி என்று திட்டமிடுவார்கள். உங்களுக்கும் அது நல்லது, மயக்க மருந்துச் செலவு ஒரு தடவையோடு போகும். ஆனால் எம்.ஆர்.ஐ. மையம் ஒரு மூலையிலும் லேப் இன்னொரு மூலையிலும் இருந்தால் அடுத்த படியில் சொல்லும் சிக்கல் வரும்.

4. லேபுக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள்

நேரம் இல்லையென்றால் மற்றதை விட்டுவிட்டு இதையாவது படியுங்கள்.

ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 6,000 முதல் 17,000 வெள்ளை அணுக்கள் இருக்கும். ஆரோக்கியமான நாயின் சி.எஸ்.எஃப்-ல் அதே ஒரு மைக்ரோலிட்டருக்கு 5-க்கும் குறைவு. ஆயிரம் மடங்குக்கும் மேலான வித்தியாசம். ரத்தம் எண்ணும் கருவி ஆயிரக்கணக்கில் எண்ணுவதற்காக அமைக்கப்பட்டது. எண்ணிக்கையையும் ஆயிரத்தின் மடங்காகவே அச்சிடும். தாளில் 0.1 என்றால் 100 அணு. அப்படியானால் 40 அணு இருக்கும் நீருக்கு என்ன காட்டும்? 0.0. நாற்பது என்பது தெளிவான நோய். தாளோ ஒன்றுமில்லை என்கிறது. எங்களுக்கு நடந்தது இதுதான். இரண்டாவது முறை போன லேபில் அந்தப் பழைய தாளைக் காட்டியபோது அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார்: “அக்கா, இது பிளட் மோடுல ஓட்டினது. இதுல நாப்பது செல் இருந்தாலும் சைபர்னுதான் வரும். இத வச்சு எதுவும் சொல்ல முடியாது.”

போனில் கேட்க வேண்டியவை:

முதல் கேள்வி, கருவியில் ‘பாடி ஃப்ளூயிட் மோடு’ இருக்கிறதா? ரத்தம் தவிர்த்த உடல் நீர்களை எண்ணுவதற்கான தனி முறை இது. சிஸ்மெக்ஸ் எக்ஸ்.என். வரிசைக் கருவிகளில் இருக்கிறது. அட்வியா 2120 போன்றவற்றில் சி.எஸ்.எஃப்-க்கென்றே ஒரு ரசாயனத்தைக் கலந்து ஓட்டுவார்கள். அணுக்கள் வரிசையாகப் போகும்போது லேசர் ஒளி அவற்றில் பட்டுச் சிதறும் விதத்தை வைத்துக் கருவி எண்ணுகிறது. பாடி ஃப்ளூயிட் முறையில் அதிக அளவு நீரை ஓடவிட்டு எண்ணுவதால் குறைந்த எண்ணிக்கையும் ஓரளவு பிடிபடும். இந்த முறை இல்லை என்றால், கருவியே வேண்டாம், சேம்பரில் (மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணும், கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு) கையால் எண்ணித் தாருங்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, முன்னால் ரத்த மாதிரி ஓட்டியிருந்தால் கருவியைக் கழுவி, வெறும் திரவம் ஓட்டிப் பின்னணி எண்ணிக்கை பூஜ்யம் என்று பார்த்துவிட்டு ஓட்டுவீர்களா? ரத்தத்தின் மிச்சம் ஒரு துளி குழாயில் தங்கினாலே ஐந்து பத்து அணு கூடிவிடும். வேறு மாதிரியில் ஐந்து பத்து ஒரு பொருட்டே இல்லை. இதில் ஆரோக்கியத்துக்கும் நோய்க்கும் இடையில் இருப்பதே அவ்வளவுதான்.

மூன்றாவது, ஸ்லைடு போடுவீர்களா? கருவி எத்தனை அணு என்று சொல்லும், ஒற்றைக் கரு உள்ளவை இத்தனை, பல மடல் கரு உள்ளவை இத்தனை என்று இரண்டு கூடையாகவும் பிரித்துக் காட்டும். ஆனால் அந்தப் பிரிப்பு மனித அணுக்களை வைத்து அமைத்தது, நாயின் அணுக்களில் பிசகும். ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு வகை, புற்றுநோய் அணு, அணுவுக்குள் இருக்கும் பாக்டீரியா இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘சைட்டோஸ்பின்’ என்ற சுழற்றும் கருவியில் அணுக்களை ஒரே இடத்தில் படிய வைத்து, சாயமேற்றிப் பார்ப்பார்கள். அது இல்லாத இடத்தில் சிரிஞ்சின் குழாயை வெட்டி ஸ்லைடின் மேல் நிறுத்தி, அணுக்களைத் தானாகப் படிய விடும் முறையும் உண்டு. ஏதோ ஒன்று நடக்க வேண்டும். ‘மெஷின் டிஃபரென்ஷியல் (அணு வகைப் பிரிப்பு) கொடுத்துடும், ஸ்லைடு தேவையில்லை’ என்று சொன்னால் வேறு லேப் பாருங்கள்.

நான்காவது, புரதத்தை எந்த முறையில் பார்க்கிறீர்கள்? இங்கேயும் அதே 0.0 பொறிதான். சி.எஸ்.எஃப்-ல் புரதம் டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராம் என்றால் கிராமில் அது 0.025. ரத்தத்தின் மொத்தப் புரதம் பார்க்கும் வழக்கமான முறையால் இதைப் பிடிக்க முடியாது. ‘மைக்ரோபுரோட்டீன்’ என்று கேளுங்கள். சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கும் லேபில் பைரோகலால் ரெட் முறை பெரும்பாலும் இருக்கும், அதுவே இதற்கும் உதவும்.

கடைசியாக, நாயின் மாதிரியை வாங்குவீர்களா? கால்நடை லேப் இல்லாத ஊரில் மனிதர்களுக்கான பெரிய லேபைத்தான் நம்ப வேண்டியிருக்கும், நல்ல கருவியும் அங்கேதான் இருக்கும். சில இடங்களில் விலங்கு மாதிரியைத் தொடவே மாட்டார்கள். அது ஊசி போட்ட பிறகு, டியூபைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்கும்போது தெரியக் கூடாது.

பேசியவரின் பெயரையும், எத்தனை மணி வரை வாங்குவார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. செலவு: நான்கு பில் வரும்

மொத்தமாக ‘சி.எஸ்.எஃப். டெஸ்ட் எவ்வளவு’ என்று கேட்டால் லேப் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். அதை நம்பிப் போய்விடாதீர்கள். எங்களுக்கு இரண்டாவது முறை ஆனது இது: முன் ரத்தப் பரிசோதனை 1,800 ரூபாய், எம்.ஆர்.ஐ. 14,000, மயக்க மருந்தும் நீர் எடுத்ததும் அன்றைய கவனிப்பும் 9,000, லேப் 2,200. இடத்துக்கு இடம் தொகை மாறும். எதற்குப் பெரிய பங்கு, எதற்குச் சின்னது என்பதைப் பாருங்கள். லேபுக்குப் போனது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 2,200-இல் ஸ்லைடையும் மைக்ரோபுரோட்டீனையும் வெட்டிச் சில நூறு மிச்சம் பிடித்தால், மற்ற இருபத்தைந்தாயிரம் வீணாகிவிடும்.

பி.சி.ஆர்., கிருமியை வளர்த்துப் பார்க்கும் பாக்டீரியா கல்ச்சர் இரண்டும் தனிக் கட்டணம். ஸ்லைடைப் பார்த்த பிறகு கல்ச்சர் தேவையா என்று முடிவு செய்யலாமா, அதற்காகக் கொஞ்சம் நீரைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

6. நாளையும் நேரத்தையும் நீங்கள் பேசி முடியுங்கள்

இந்த நீரில் புரதம் மிகக் குறைவு. அணுக்களைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால், எடுத்த கணத்திலிருந்து அவை உடையத் தொடங்கும். அரை மணிக்குள் எண்ணுவது நல்லது, ஒரு மணி நேரத்தைத் தாண்ட விடக் கூடாது. இதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

திங்கள் முதல் வியாழன் வரை, காலை நேரம் கேளுங்கள். சனிக்கிழமை மதியம் எடுத்தால் ஸ்லைடு பார்ப்பவர் திங்கள்தான் வருவார். காலை பத்து மணிக்கு ஊசி என்றால், பத்தரைக்குக் கருவி தயாராக இருக்கும்படி லேபுக்கு முதல் நாள் மாலை ஒருமுறை, நாய் மயங்கியதும் ஒருமுறை போன் செய்யுங்கள். நாங்கள் இரண்டாவது முறை லேப் இருக்கும் மருத்துவமனையிலேயே ஊசியை வைத்துக்கொண்டோம். 11.10-க்கு எடுத்தார்கள், 11.28-க்குக் கருவியில் ஏறியது.

முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு வேண்டாம். தண்ணீரை எத்தனை மணிக்கு எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிகச் சிறிய குட்டியென்றால் இவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது, மருத்துவர் வேறு கணக்குச் சொல்வார்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். மயக்க மருந்தின் ஆபத்து, ஊசியின் ஆபத்து இரண்டும் அதில் இருக்கும். படிக்க பயமாகத்தான் இருக்கும். நிதானமாகப் படித்து, புரியாததைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவசரப்படுத்தினால் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

7. எவ்வளவு நீர், எந்த டியூப்

பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஐந்து கிலோ எடைக்கு ஒரு மில்லிலிட்டர் வரை. டப்பு பத்து கிலோ, எனவே இரண்டு மில்லி. கையளவு நாயாக இருந்தால் அரை மில்லிதான் கிடைக்கும். அதைக் கருவிக்கும் ஸ்லைடுக்கும் புரதத்துக்கும் பங்கிட வேண்டும். ஆகவே எது முக்கியம் என்ற வரிசையை மருத்துவரும் லேபும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். நீர் குறைவென்றால் கருவிக்குக் கொடுக்கும் பங்கைக் குறைத்து, சேம்பரில் கையால் எண்ணலாம். அதற்குச் சில சொட்டுகள் போதும்.

ஊதா மூடி ஈடிடிஏ டியூப் அணுக்களுக்கு, ரத்தம் கலந்திருந்தாலும் உறையாது. எதுவும் கலக்காத சிவப்பு மூடி பிளெயின் டியூப் புரதத்துக்கு. கல்ச்சருக்குப் போகும் பங்கு கிருமி நீக்கிய பிளெயின் டியூபில் மட்டும். ஈடிடிஏ பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும். பெரிய ஈடிடிஏ டியூபில் நாலு சொட்டு நீரை விட்டால் அதிலிருக்கும் ஈடிடிஏ-வின் பங்கு கூடி முடிவைக் கெடுக்கும், குழந்தைகளுக்கான சின்ன டியூப் கேளுங்கள். எந்த டியூப் வேண்டும் என்பதில் லேபுக்கு லேப் வித்தியாசம் உண்டு. முதல் நாளே அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு போவது உத்தமம்.

ஊசி நுழையும்போது ரத்தம் கலந்துவிடலாம். முதல் சில சொட்டுகளைத் தனி டியூபில் பிடித்துவிட்டு, தெளிந்த பிறகு வருவதை எண்ணக் கொடுப்பார்கள். கடைசி வரை ஒரே மாதிரி சிவப்பாக இருந்ததா, போகப் போகத் தெளிந்ததா என்பது மருத்துவருக்கு முக்கியம். அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

லேப் படிவத்தில் இருக்க வேண்டியவை: நாயின் இனம், வயது, எடை, எடுத்த நேரம், மணி நிமிடத்தோடு, எடுத்த இடம், அதாவது கழுத்தின் உச்சியிலா இடுப்புப் பகுதியிலா, நிறம், கொடுத்த மருந்துகள். எடுத்த இடம் ஏன் என்பது ஒன்பதாவது படியில் வருகிறது.

8. கொண்டுபோகும் வழி

கூடுமானவரை நீங்களோ வீட்டு ஆளோ கையில் எடுத்துப் போங்கள். மாதிரி சேகரிக்கும் பையன் ஏழெட்டு வீடு சுற்றிவிட்டுத்தான் லேபுக்குப் போவார். எங்கள் முதல் மாதிரி அப்படித்தான் ஏப்ரல் வெயிலில் ஊரைச் சுற்றியது.

சின்னத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பேக், அதன் மேல் மடித்த துணி, துணியின் மேல் டியூப். டியூப் ஐஸைத் தொடக் கூடாது, உறைந்தால் அணுக்கள் வெடித்துவிடும். ஃப்ரீசர் கூடவே கூடாது.

ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரவே முடியாத ஊரா? அப்படியானால் அங்கேயே சேம்பரில் எண்ணி, ஸ்லைடையும் அங்கேயே படியவைத்து உலர்த்தி, ஸ்லைடை மட்டும் அனுப்புவது நல்ல வழி. அதுவும் முடியாவிட்டால் நீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கில் அதே நாயின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பத்தில் ஒரு பங்கு சேர்த்துக் குளிரில் வைப்பார்கள். அணுக்கள் இன்னும் சில மணி நேரம் தாங்கும். ‘சீரம் சேர்த்தது’ என்று அந்த டியூபில் பெரிதாக எழுத வேண்டும். அதில் புரதம் பார்த்தால் சீரத்தின் புரதமும் சேர்ந்து பொய்யாக எகிறிவிடும். சேர்க்காத பங்கு புரதத்துக்கு. இதை மருத்துவரோ டெக்னீஷியனோ செய்ய வேண்டும், நீங்கள் நினைவுபடுத்தினால் போதும்.

9. ரிப்போர்ட் வந்ததும் பார்க்க வேண்டியது

எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். ‘ஒரு மைக்ரோலிட்டருக்கு’ என்று முழு எண்ணாக இருக்கிறதா, ஆயிரத்தின் மடங்காக இருக்கிறதா? ஆயிரத்தின் மடங்கில் 0.0 என்றால் அது முடிவே அல்ல. அன்றைக்கே லேபைக் கூப்பிட்டு, மிச்சம் இருந்தால் கையால் எண்ணச் சொல்லுங்கள். எடுத்த நேரமும் ஓட்டிய நேரமும் தாளில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்து, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ அளவு யாருடையது? மனிதர்களுக்கான லேப் என்றால் புரதத்துக்கு 15–45 மில்லிகிராம் என்று பெரியவர்களின் அளவு இருக்கும். நாய்க்கு இடுப்பில் எடுத்த நீரில் 45 வரை ஏற்கலாம். ஆனால் கழுத்தின் உச்சியில் எடுத்ததில் 25 முதல் 30-க்குள் இருக்க வேண்டும். கழுத்தில் எடுத்த நீரில் 42 வந்தால் தாள் அதை நார்மல் என்று விட்டுவிடும். நாய்க்கு அது அதிகம். எடுத்த இடத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அணுக்கள் 4-க்கும் 6-க்கும் இடையில் ஊசலாடினால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கையால் எண்ணும் நியூபாயர் சேம்பரின் ஒன்பது பெரிய கட்டங்களில் மொத்தம் 0.9 மைக்ரோலிட்டர்தான் நிற்கும், எண்ணியதை 1.1-ஆல் பெருக்கிச் சொல்வார்கள். ஓர் அணு கூடக் குறைய விழுந்தாலே எண் மாறிவிடும். கருவிக்கும் இந்தக் கடைக்கோடியில் தடுமாற்றம் உண்டு. எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும்போது கருவியும் கையும் நன்றாகவே ஒத்துப்போகும். டப்புவுக்குக் கருவி 380 என்றது, சேம்பரில் 364.

சிவப்பணு ஆயிரக்கணக்கில் இருந்தால் வெள்ளையணு எண்ணிக்கையைத் தனியாக நம்ப முடியாது. இத்தனை சிவப்புக்கு ஒரு வெள்ளையைக் கழி என்று சூத்திரங்கள் சொல்வார்கள். நாங்கள் கேட்ட மருத்துவர் அவற்றை நம்பி முடிவெடுப்பதில்லை என்றார், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அப்புறம் ஸ்லைடு அறிக்கை. வெள்ளை அணு வகைகளில் நியூட்ரோஃபில்கள் குவிந்திருந்தால் ஒரு திசை, லிம்ஃபோசைட்டுகள் மிகுந்தால் வேறு திசை. டிஸ்டம்பரில் பெரும்பாலும் லிம்ஃபோசைட். அணுக்கள் சரியாக இருந்து புரதம் மட்டும் ஏறியிருந்தால் கட்டி, முதுகெலும்பு வட்டு அழுத்தம் போன்றவற்றையும் யோசிப்பார்கள். அணுக்களின் வகையை மட்டும் வைத்து நோயின் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். வயது, இனம், எம்.ஆர்.ஐ. எல்லாம் சேர்ந்துதான் முடிவு. டப்புவுக்கு நியூட்ரோஃபில்கள், பத்து மாதம், பீகிள், கழுத்துவலி, காய்ச்சல், கிருமி எதுவும் இல்லை. ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் மூளை உறை அழற்சி என்றார்கள். இளம் பீகிள், பாக்ஸர் போன்ற இனங்களில் வருவது.

அணு எண்ணிக்கையும் புரதமும் அன்றே வந்துவிடும். ஸ்லைடுக்கு ஓரிரு நாள், கல்ச்சருக்கு நாலைந்து நாள். முதல் தாளோடு ‘ரிப்போர்ட் வந்துடுச்சு’ என்று நிம்மதியடைந்துவிடாமல் ஸ்லைடு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

அன்று முழுக்க மந்தமாக இருக்கும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ, கண்மணிகள் இரண்டும் வெவ்வேறு அளவில் தெரிந்தாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

சாயமேற்றிய ஸ்லைடுகளைத் திருப்பிக் கேளுங்கள், அல்லது பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் சில மணி நேரத்தில் வீணாகிவிடும், ஸ்லைடு வருடக்கணக்கில் இருக்கும். இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டி வந்தால் மறுபடி ஊசி வேண்டியதில்லை.

சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் நீர் எடுக்க வேண்டுமோ என்றுதான் எனக்குப் பெரிய கவலை இருந்தது. டப்புவுக்கு வந்த நோயில், அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சி-ரியாக்டிவ் புரோட்டீனைச் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பார்த்தே பெரும்பாலும் கண்காணிக்கலாம். நாயின் புரதத்தை அளக்கும் முறையா என்று மட்டும் லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கான கிட் எல்லாம் நாய்க்குச் சரியாக வேலை செய்யாது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருகிறோம், இது ஐந்தாவது மாதம். போன மாதம் பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. அடுத்தது வருகிற புதன்கிழமை காலை.